விஜயா கைக் குழம்பு

கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடித்ததும் விஜயகுமாரி சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடுவாள். வேன் கிளம்பிப் போகும் சத்தம் கேட்ட பிறகு முனிரத்தினம் எழுந்து வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவான். தெருப்பக்க ஜன்னலையும் சாத்துவான். டிவியைப் போட்டுச் சத்தத்தை ஏற்றி வைப்பான். அதன் பிறகுதான் அடுப்பைப் பற்ற வைப்பான்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடு அது. முன்பக்கம் ஓர் அறை, அதன் மூலையில் இடுப்புயரச் சுவர் வைத்துப் பிரித்த சமையல்கட்டு, பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் உள்ளறை. கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டால் சித்திரை மாதத்தில் அது வீடாக இருக்காது, அடுப்பின் மேல் மூடி வைத்த சட்டியாகிவிடும். ஃபேன் போடலாம் என்றால் தீ ஆடும். பனியன் முதுகோடு ஒட்டிக்கொள்ள, புருவத்திலிருந்து வியர்வை சொட்டச் சொட்ட அவன் சமைப்பான். டிவி மிக்சிக்காக. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் இருந்தது. விஜயா வேலைக்குப் போன பிறகும் இந்த வீட்டில் மிக்சி ஓடுகிறது என்பது அவர்களுக்குத் தெரியக் கூடாது.

முனிரத்தினம் தோல் கம்பெனியில் டிரம் செக்‌ஷனில் இருந்தவன். தோல் பதனிடும், ஆளுயரத்துக்கு மேலே சுற்றும் மர டிரம்மில் தோலை ஏற்றுவது, ஓட்டுவது, ஊறிய தோலை இறக்குவது அவன் வேலை. இரண்டு பேர் பிடிக்கிற ஈரத்தோல் கட்டை ஒற்றை ஆளாகத் தோளில் போடுவான். போன மழைக்காலத்தில் ஒருநாள் டிரம்மை ஓட்டும் பெல்ட் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தது. கூட வேலை பார்த்த தானியேல் ஓடிப்போய் சுவிட்சை அணைப்பதற்குள் வலது கை நசுங்கியிருந்தது. வேலூரில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். கை மிச்சமானது. ஆனால் நரம்பு செத்துவிட்டது. விரல்கள் மடங்கவில்லை, சுட்டாலும் குத்தினாலும் தெரியவில்லை. தோளிலிருந்து அது பாட்டுக்குத் தொங்கியது.

முதலில் அவன் வெளியே போய்க்கொண்டுதான் இருந்தான். போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி. "கை எப்டி கீது? அசையுதா? எங்க, கொஞ்சம் காட்டு." டீக்கடையில் ஒருநாள் பழைய ஆள் ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "உனக்கு இன்னாபா கவல? சம்பாதிக்கிற பொண்டாட்டி கீறா. ராஜா மாதிரி ஊட்ல உக்காந்துக்கோ." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவன், அதற்குப் பிறகு தெருமுனையைத் தாண்டவில்லை.

சமையல் தொடங்கியது தற்செயலாகத்தான். விஜயா ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தாள். ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவள் மடியில் வெங்காயத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனாள். அவள் கையிலிருந்த கத்தியை மெல்ல எடுத்து வைத்துவிட்டு, முனிரத்தினம் குக்கரில் அரிசியைக் களைந்து போட்டான். அன்றைக்குச் சோறு குழைந்திருந்தது. மறுநாள் குழையவில்லை.

ஒரு கையால் என்னவெல்லாம் செய்ய முடியும், எது முடியாது என்பதை அவன் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தான். கத்தி அவனுக்கு ஒத்துவரவில்லை. அரிவாள்மணை ஒத்துவந்தது; பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு, இடது கையால் காயை அலகின் மேல் தள்ளினால் போதும். சின்ன வெங்காயத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்த்தால் தோல் கழன்றது. பூண்டைப் பல்லால் கடித்து உரித்தான். தேங்காய் உடைப்பது மட்டும் முடியவே இல்லை. அது விஜயாவின் வேலை.

ருசி அவனுக்குள் எங்கே இருந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. எதை எப்போது போட வேண்டும் என்பது வாசனையிலேயே பிடிபட்டது. விஜயா முதல் முறை அவன் வைத்த கத்திரிக்காய்க் காரக்குழம்பை ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டாள். பிறகு தலையைத் தூக்கி, "இன்னாங்க இது, இப்டி இருக்கு?" என்றாள்.

"யாருக்கும் தெரியக் கூடாது," என்றான் அவன். "யாரு கேட்டாலும் நீ சமைச்சதா சொல்லு. சத்தியம் பண்ணு."

"இதுல இன்னாங்க இருக்கு? நல்லாதானே..."

"பண்ணுன்னா பண்ணு."

அவள் அவனுடைய வலது கையைத் தொட்டுச் சத்தியம் செய்தாள். தொட்டது அவனுக்குத் தெரியவில்லை. பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

கோடை வந்ததும் மகளை லீவுக்குத் திருப்பத்தூரில் அவள் ஆயா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பகல் முழுவதும் வீட்டில் அவன் ஒருவன்தான். ஆனால் வெளியே போகாத அவனுக்குப் பருவம் எல்லாம் விஜயாவின் பையில் வந்து சேர்ந்தது. வேன் இறக்கிவிடும் இடத்தில் காய்கறிக்காரர்கள் கூடை வைத்திருப்பார்கள். இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய், கொல்லிமேட்டிலிருந்து வரும் முருங்கைக்காய், விதை முற்றாத வெள்ளரிப் பிஞ்சு, ஆந்திரா பக்கத்துப் புளிச்சக்கீரை, பலாப்பழம் அறுத்து விற்பவன் கொசுறாகத் தரும் பலாக்கொட்டை. எல்லாவற்றுக்கும் மேலே கிளிமூக்கு மாங்காய். பையைப் பிரித்து ஒவ்வொன்றாக மோந்து பார்ப்பான். "கத்திரிக்காய் நேத்து பறிச்சது. காம்ப பாத்து வாங்கக் கூடாதா?" என்பான். அடைபட்ட வீட்டுக்குள் அவன் வெளியுலகத்தோடு வைத்திருந்த ஒரே பேச்சுவார்த்தை அதுதான்.

முருங்கைக்காயும் பலாக்கொட்டையும் போட்டு ஒருநாள் குழம்பு வைப்பான். புளிச்சக்கீரையைப் பச்சை மிளகாய் வைத்துக் கடைந்து கேழ்வரகுக் களியோடு ஒருநாள். பழுக்கத் தொடங்கிய மாங்காயை வெல்லம் போட்டுப் பச்சடி. வெயில் உச்சிக்கு வரும் நாட்களில் வெள்ளரிப் பிஞ்சை நறுக்கிப் போட்டு மோர்க்குழம்பு. ஆனால் எல்லாவற்றையும் தூக்கி அடித்தது மாங்காய் போட்ட வாளைக் கருவாட்டுக் குழம்புதான். அதை முந்தின நாள் பகலிலேயே வைத்து மண்சட்டியோடு விட்டுவிடுவான். மறுநாள் டப்பாவில் போகும்போதுதான் அதன் ருசி முழுசாக இறங்கியிருக்கும்.

அந்தக் குழம்புதான் வினையாக வந்தது.

ஷூ கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் லைன் பெண்கள் டப்பாக்களை நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுவார்கள். விஜயாவுக்குப் பக்கத்து மிஷினில் இருந்த சைரா அக்காவும் எதிரில் இருந்த சுந்தரியும் விஜயாவின் டப்பாவுக்கு முதலில் கை நீட்டினார்கள். நாளாக நாளாக மற்ற லைன் பெண்களும் வந்து ஒரு கரண்டி கேட்கத் தொடங்கினார்கள். "விஜயா கைக் குழம்பு" என்று அதற்குப் பேரே வந்துவிட்டது. சாயங்காலம் வந்து விஜயா இதையெல்லாம் சொல்லுவாள். முனிரத்தினம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கேட்பான். உள்ளே இனிக்கும். இனித்த கையோடு கசக்கவும் செய்யும். புகழ்கிறார்கள், ஆனால் அவர்கள் புகழ்கிற அந்தச் சமையல்காரி இந்த வீட்டில் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை விஜயா வந்ததும் பையைக்கூட இறக்காமல் சொன்னாள்: "சைராக்காவும் சுந்தரியும் ஞாயித்துக்கெழம வர்றாங்களாம். மாங்கா முடியறதுக்குள்ள இந்தக் கொழம்ப கத்துக்கணுமாம். நான் வைக்க வைக்க பக்கத்துல நின்னு பாப்பாங்களாம்."

"வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எத்தினி வாட்டிங்க சொல்றது? ஒடம்பு சரியில்லன்னேன், மாமியார் வர்றாங்கன்னேன். சைராக்கா உட்டாதானே? நீங்களே சொல்லுங்க, ஊட்டுக்கு வர்றேன்னு சொல்றவங்கள வராதன்னு மூஞ்சிக்கு நேரா எப்டி சொல்றது?"

அவன் மண்சட்டியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான். பிறகு, "சரி, கத்துக்கோ," என்றான்.

சனிக்கிழமை சாயங்காலம் அவளை அடுப்பின் முன்னால் நிறுத்திச் சொல்லிக் கொடுத்தான். எண்ணெய் காய்ந்ததும் வெந்தயம், பிறகு வெங்காயமும் பூண்டும், தக்காளி கரைந்த பிறகு கத்திரிக்காய். பொடி போட்டுப் பச்சை வாசனை போனதும் புளித்தண்ணீர். மாங்காய் புளிப்பாக இருந்தால் புளியைப் பாதியாகக் குறைக்க வேண்டும். குழம்பு கெட்டியாகி எண்ணெய் மேலே வரும்போது மாங்காய். வெந்நீரில் அலசிய கருவாட்டைக் கடைசியில்தான் போட வேண்டும். போட்டதும் கரண்டியால் கிளறக் கூடாது. உப்பு பார்த்த பிறகுதான் உப்பு. விஜயா தலையாட்டிக் கேட்டாள். வாரம் முழுக்கத் தைத்த தோள்கள் தொங்கின. கண்கள் சொக்கின.

அவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் பேரணாம்பட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்கு பஸ் ஏறிவிட வேண்டும் என்று ஏற்பாடு. மசாலாப் பொடியை அரைத்து வைத்துவிட்டு, கருவாட்டைத் துண்டு போட்டு வைத்துவிட்டுக் கிளம்பலாம் என்று இருந்தான். பஸ்ஸில் யார் யார் இருப்பார்கள், யார் என்ன கேட்பார்கள் என்று நினைக்க நினைக்க அவன் கை மெதுவாகத்தான் ஓடியது. சட்டையை மாட்டிக்கொள்ளவில்லை, லுங்கியைக்கூட மாற்றவில்லை. வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது.

"விஜயா! சீக்கிரமே வந்துட்டோம்மா, வெயில் ஏறிப்போச்சுன்னா பேஜார்!" சைராவின் குரல்.

விஜயாவின் முகம் வெளுத்தது. வீட்டுக்கு ஒரே வாசல்தான். அவன் ஒரே எட்டில் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

"ஊட்டுக்காரர் இல்லியா?" சைரா உள்ளே வந்துகொண்டே கேட்டாள்.

"அக்கா ஊட்டுக்கு, பேர்ணாம்பட்டு போய்ட்டாருக்கா," என்றாள் விஜயா.

உள்ளறையில் ஃபேன் இருந்தது. போட்டால் சத்தம் வரும். முனிரத்தினம் சுருட்டி வைத்திருந்த பாயின் பக்கத்தில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். தலைக்கு மேலே கூரை கொதித்தது. தரையிலிருந்தும் சூடு வந்தது. மூச்சு விடுவதே வெந்நீரைக் குடிப்பது போலிருந்தது. ஓட வழியில்லை, இரும வழியில்லை, அசைய வழியில்லை. கதவு இடுக்கில் விரல் அகலத்துக்கு ஒரு வெளிச்சம் மட்டும் இருந்தது.

முதலில் பேச்சும் சிரிப்புமாகத்தான் இருந்தது. பிறகு எண்ணெய் காயும் வாசனை வந்தது. வெந்தயம் விழுந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். வெந்தயம் சிவந்துவிட்டது, இப்போது வெங்காயம் விழ வேண்டும். விழவில்லை. விஜயா சுந்தரிக்கு ஏதோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். கருகிய கசப்பு வாசனை கதவிடுக்கு வழியே வந்தது. அவன் இடது கை தன்னால் எழுந்து கரண்டியைத் தேடியது, பாயைத்தான் பிடித்தது.

வெங்காயம், தக்காளி, கத்திரிக்காய். பொடி. பச்சை வாசனை போவதற்குள்ளேயே சளக்கென்று புளித்தண்ணீர் விழுந்தது. முழுசாக விழுந்தது. பாதி என்று எத்தனை தடவை சொன்னான்! அடுத்து கொத்தாக ஏதோ விழுந்த சத்தம். உடனே கருவாட்டு வாசனை எழுந்து வந்தது. இவ்வளவு சீக்கிரம் போட்டால் கரைந்து முள்ளும் தூளுமாகிவிடும். கரண்டி சட்டியில் உரசும் சத்தம் வேறு. கிளறுகிறாள். போதாததற்கு உப்பு டப்பா திறக்கும் சத்தமும் கேட்டது. முனிரத்தினம் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

"மாங்கா எப்பமா போடுவ?" சைரா கேட்டாள்.

"ஐயோ!" என்றாள் விஜயா.

கொஞ்ச நேரம் கழித்து யாரோ ருசி பார்த்து நாக்கைச் சப்புக் கொட்டினார்கள். சுந்தரியின் சிரிப்பு வெடித்தது. "அம்மாடி, ஒரே உப்பு, ஒரே புளி! ஏய் விஜயா, டப்பால வர்ற கொழம்பு இது இல்லடி."

"இன்னைக்குக் கை வரல," என்றாள் விஜயா.

"நெசத்த சொல்லு. மெஸ்ல வாங்கினு வந்து நீ வச்சதா சொல்றியா?"

"இல்ல, நான்தான் வைக்கிறேன்."

"தெனம் கைக்கு வர்றது இன்னிக்கி மட்டும் எங்கடி போச்சு?" சுந்தரி விடுவதாக இல்லை. கெட்டவள் இல்லை, சிரிக்கத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாதவள். "லைன் பூரா விஜயா கை, விஜயா கைன்னு தூக்கி வச்சினு ஆடுது. இதப் போய் சொன்னா சிரிப்பாங்க."

"சும்மா இரு சுந்தரி," என்றாள் சைரா. "தூக்கம் பத்தல அவளுக்கு. கண்ணப் பாரு எப்டி செவந்து கெடக்குன்னு. வேலைக்கும் போய்ட்டு, விடியறதுக்குள்ள எழுந்து ஆக்கியும் வைக்கிறா. மனுஷிதானே?"

"அதான் நானும் சொல்றேன்க்கா. ஊட்ல ஒரு ஆம்பள நாள் பூரா சும்மா குந்திகினு கீறாரு. கையி ஒண்ணு போச்சு, சரி. இன்னொண்ணு கீதில்ல? ஒரு வெங்காயம் உரிச்சு குடுத்தா இன்னாவாம்? இவ ஓடா தேயறா, அவரு ஆக்குனத தின்னுட்டு டிவி பாக்கறாரு. தெருவுக்கே கேக்குதாம் டிவி சத்தம்."

"அவரப் பத்திப் பேசாத!"

விஜயாவின் குரல் அப்படி உயர்ந்து அவன் கேட்டதில்லை. சட்டியில் குழம்பு கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"நான்தான் இன்னிக்கித் தப்பா வச்சேன்," என்றாள் விஜயா. குரல் இப்போது உடைந்திருந்தது. "என்ன இன்னா வேணா சொல்லு. அவர ஒண்ணும் சொல்லாத. உனக்கு ஒண்ணும் தெரியாது."

முனிரத்தினம் இருட்டில் உட்கார்ந்திருந்தான். சமைக்கிறவன் என்று ஊர் சிரிக்கக் கூடாது என்றுதான் கதவைச் சாத்தினான், டிவியைப் போட்டான். ஊர் அவனை உட்கார்ந்து தின்கிறவன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அவன் கேட்காமல் இருந்தால் சொல்லாமலா இருப்பார்கள்? அதைவிட அவனைக் குத்தியது வேறு. அங்கே ஒருத்தி அவமானப்பட்டுக்கொண்டு நிற்கிறாள். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் அவள் தப்பித்துவிடலாம். சொல்ல மாட்டேன் என்கிறாள். உணர்ச்சியில்லாத கையின் மேல் வாங்கிய சத்தியம் அவளைப் பிடித்து வைத்திருக்கிறது. அவனாவது கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். அவளுக்கு மறைந்துகொள்ளக் கதவுகூட இல்லை.

எழுந்தான். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான்.

சைரா திடுக்கிட்டு எழுந்து துப்பட்டாவைத் தலைக்கு இழுத்தாள். சுந்தரி வாயைத் திறந்தபடி நின்றாள். குளத்தில் முங்கி எழுந்தவனைப் போல் தலையிலிருந்து பாதம் வரை வியர்வையில் நனைந்த மனிதன், லுங்கியும் பனியனுமாக, ஒரு கை தொங்க நின்றான். அவன் அவர்களைப் பார்க்கவில்லை. பார்த்தால் திரும்ப உள்ளே போய்விடுவோம் என்று பயந்தான். நேராக அடுப்புக்குப் போய்த் தீயைக் குறைத்தான்.

"கருவாட்ட எடுத்துடணும்," என்றான் சட்டியைப் பார்த்து. "இன்னும் கொதிச்சா முள்ளுதான் மிஞ்சும்."

அவன் ஜல்லிக்கரண்டியை எடுத்து உடையாத துண்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து வைத்தான். கொஞ்சம் குழம்பை முகந்து வெளியே ஊற்றினான். வெந்நீர் சேர்த்தான். ஒரு துண்டு வெல்லத்தைப் போட்டான். ருசி பார்த்தான். அவன் முதுகுக்குப் பின்னால் விஜயா சுவரோடு ஒட்டி நின்றாள்.

"தேங்கா அரச்சு ஊத்துனா உப்பு அடங்கும்," என்றான். அதற்குப் பிறகுதான் திரும்பினான். "எனக்கு தேங்கா ஒடைக்க வராது. யாராச்சும் ஒடைச்சுக் குடுங்க."

விஜயா நகரவில்லை. சைராதான் முன்னால் வந்தாள். மூலையில் இருந்த தேங்காயை எடுத்து, வாசற்படியில் ஒரே போடாகப் போட்டு இரண்டாக்கிக் கொண்டுவந்து நீட்டினாள். "துருவியும் தர்றேன்ண்ணா," என்றாள். அவள் குரலில் இரக்கம் இருக்கிறதா என்று அவன் தேடினான். இல்லை. வேலை தெரிந்தவனிடம் வேலை கேட்கிற குரலாகத்தான் இருந்தது.

தேங்காய் அரைபட்டது. அன்றைக்கு டிவி ஓடவில்லை. மிக்சிச் சத்தம் தெருவரை போயிருக்கும். குழம்பு மறுபடி கொதித்து எண்ணெய் பிரிந்தது. மாங்காய்த் துண்டுகளைப் போட்டான். அது வேகும்வரை சைரா ஒவ்வொன்றாகக் கேட்டாள்: புளி எவ்வளவு, கருவாட்டை எத்தனை தண்ணியில் அலசுவது, மாங்காயைத் தோலோடு போடலாமா. அவன் பதில் சொன்னான். முதலில் ஒற்றை வார்த்தையாக. பிறகு கொஞ்சம் நீளமாக. "கொட்டைய தூக்கிப் போடாதீங்க. கொட்டையோட கெடந்தாதான் கொழம்புக்குக் குணம்." கடைசியில் கருவாட்டுத் துண்டுகளை மேலாக வைத்து மூடினான்.

சாப்பிடும்போது சுந்தரி தலையைத் தூக்கவே இல்லை. இரண்டாம் முறை குழம்பு ஊற்ற அவன் குனிந்தபோது, "மனசுல வச்சுக்காதீங்கண்ணா, வாய் தவறி..." என்றாள்.

"சாப்புடுங்க," என்றான் அவன். மன்னிப்பதற்கும் கோபப்படுவதற்கும் அவனுக்குத் தெம்பு இல்லை. குழம்பும் அவன் வைக்கிற குழம்பு மாதிரி வரவில்லை. கெட்டுப்போனதை மீட்டெடுத்த குழம்பு, அவ்வளவுதான். அதையே இரண்டு பேரும் வழித்துச் சாப்பிட்டார்கள்.

ஸ்கூட்டி போன பிறகு விஜயா எச்சில் தட்டுகளை அடுக்கினாள். அடுக்கியதை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஏன் வெளிய வந்த?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை நீ என்று சொன்னதில்லை.

"அந்தப் பொண்ணு உன்ன அப்டி பேசும்போது..."

"பேசினா பேசட்டும். நான்தானே கேட்டுகினு நின்னேன்? உனக்கு இன்னாயா? யாருக்கும் சொல்லாத, சொல்லாதன்னு சத்தியம் வாங்குன. கேக்கறவங்க கிட்டல்லாம் பொய் சொன்னேன். மிளகாப் பொடி எங்க அரைக்கிறன்னு கேட்டா ஒரு பொய். காலையில எப்ப எழுந்திருப்பன்னா ஒரு பொய். இப்ப நீ பாட்டுக்குக் கதவத் தெறந்து வந்துட்ட. நல்லவனாய்ட்ட. நாளைக்கு லைன்ல போய் உக்காரப் போறது நான். புருஷன் சமைச்சத என் சமையல்னு பேர் வாங்குனவன்னு லைன் பூரா என்னத்தான் பேசும்."

"நான் வாங்குன சத்தியம்தான்னு சொல்லு."

"சொன்னா மட்டும்?" அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். புடவைத் தலைப்பால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். பிறகு மெதுவாக, அவனுக்குச் சொல்வது போலவும் தனக்குச் சொல்லிக்கொள்வது போலவும் சொன்னாள்: "எனக்கும் புடிச்சிருந்தது. அதான். மிஷின் முன்னால குனிஞ்சு கெடக்கறவ பேர யாரு சொல்றா? ஒரு கொழம்புக்காச்சும் எம்பேர் வந்துச்சேன்னு இருந்தேன். அது எனக்கே பொய்யின்னு தெரியும். ஆனாலும் இருந்தேன்."

அவன் அதை எதிர்பார்க்கவில்லை. இந்தப் பொய்க்குள் தான் ஒருவன்தான் அடைபட்டுக் கிடக்கிறோம் என்றே இவ்வளவு நாளும் நினைத்திருந்தான். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவள் தள்ளி உட்காரவில்லை, சாய்ந்துகொள்ளவும் இல்லை.

திங்கட்கிழமை அவள் டப்பா எடுத்துப் போகவில்லை. நாள் முழுக்க முனிரத்தினத்துக்கு எதுவும் ஓடவில்லை. சாயங்காலம் வந்தவளிடம் கேட்கவும் பயமாக இருந்தது. அவளே சொன்னாள். சைரா யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சுந்தரியும் வாயைத் திறக்கவில்லை. டப்பா எங்கே என்று மற்றவர்கள் கேட்டபோது விஜயாதான் தாங்க முடியாமல் சொல்லியிருக்கிறாள், எல்லாம் என் வீட்டுக்காரர் சமைத்தது என்று. நாலைந்து பேர் சிரித்தார்கள். ஒருத்தி, "குடுத்து வச்சவ" என்றாள். இன்னொருத்தி, "அப்ப இத்தினி நாளும் எங்கள ஏமாத்தினியா?" என்று கேட்டுவிட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். அந்த ஒருத்தி போனதுதான் விஜயாவுக்கு ஆறவில்லை.

"புதங்கெழமலேர்ந்து டப்பா குடுங்க," என்றாள் முடிவாக. பேச்சு மறுபடி ங்க-வுக்கு வந்திருந்தது. ஆனால் பழைய மெதுவு அதில் இல்லை. "ஆனா ஒண்ணு. காய் இனிமே நான் தூக்கினு வர மாட்டேன். கத்திரிக்கா காம்பு சரியில்ல, மாங்கா புளிப்பில்லன்னு என்னால பேச்சு வாங்க முடியாது. வேணும்னா போய் நீங்களே பாத்து வாங்குங்க."

மறுநாள் வேன் போன பிறகு அவன் வெகுநேரம் வாசலில் நின்றான். பிறகு முழுக்கைச் சட்டையை எடுத்து, பல்லும் இடது கையுமாகப் பொத்தான் போட்டுக்கொண்டு இறங்கினான்.

மார்க்கெட் வரை போவதற்குள் அவனை நிறையப் பேர் நிறுத்தினார்கள். கை எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். எங்கே இத்தனை நாளாகக் காணோம் என்றார்கள். மார்க்கெட் வாசலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த தானியேல் அவனைப் பார்த்ததும் நின்றான். தானியேலின் தம்பி மனைவிக்கும் விஜயாவின் ஷூ கம்பெனியில்தான் வேலை. விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது.

"இன்னா முனி, சமையல் மாஸ்டர் ஆய்ட்டியாமே?" என்று சிரித்தான்.

முனிரத்தினத்துக்குச் சுருக்கென்றது. திரும்பிப் போய்விடலாமா என்று கால் தயங்கியது. அவன் போகவில்லை. "ஆமா," என்றான். அவனால் சிரிக்க முடியவில்லை.

தானியேலின் சிரிப்பு நடுவில் நின்றது. சைக்கிள் மணியைத் தொட்டுக்கொண்டிருந்தான். "சரி, வா," என்றான் கடைசியில், "பையைக் குடு, நான் புடிச்சிக்கிறேன்."

"வேணாம். நீ வேலைக்குப் போ."

உள்ளே வெயில் தகரக் கூரைகளின் இடுக்கு வழியே இறங்கிக்கொண்டிருந்தது. மாங்காய்க்காரம்மாவிடம் கிளிமூக்கு குவிந்திருந்தது. அவன் குனிந்து ஒன்றை எடுத்தான். இடது கையில் வைத்து அமுக்கிப் பார்த்தான், காம்புப் பக்கம் மோந்து பார்த்தான், கீழே வைத்தான், இன்னொன்றை எடுத்தான். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் அவன் தொங்கும் கையைப் பார்ப்பது அவனுக்குத் தெரிந்தது. முதுகில் அது ஊர்ந்தது. நாளைக்கும் பார்ப்பார்கள், நாளன்றைக்கும் பார்ப்பார்கள்.

"இதுல புளிப்பு பத்தாது," என்றான் மாங்காய்க்காரம்மாவிடம். "அடியில கெடக்கறத எடும்மா."